துரைப்பாண்டியைத் தூக்கிய கதை

நெடுங்கரை என்று ஓர் ஊர், அந்த ஊரில் ஓர் அரசு மருத்துவமனை, அந்த மருத்துவமனையின் பின்புறம் வேப்பமரத்தை ஒட்டி ஒரு பிணவறை, அந்தப் பிணவறையின் மூன்றாம் எண் மேடையில் துரைப்பாண்டி கிடந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவனைப் பெற்ற அப்பாவும் அவனோடு பிறந்த அண்ணனும் சித்தப்பாமார் இருவரும் தலைமாட்டில் இருவர் கால்மாட்டில் இருவராகப் பிடித்துத் தூக்கினார்கள், அசையவில்லை. வெளியில் நின்ற சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்து தூக்கினார்கள், அசையவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பீடியை அணைத்துவிட்டு வந்து கை கொடுத்தார், அப்போதும் அசையவில்லை. உயிரோடு இருந்தபோது ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவன் அவன். பிணவறைத் தொழிலாளி மாடக்கண்ணு இருபத்திரண்டு வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர், தண்டவாளத்தில் கிடந்தது, கிணற்றில் மிதந்தது என்று பார்க்காதது எதுவும் இல்லை, ஆகவே அவருக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"என்னய்யா, ஏழு பேரு சேந்து ஒரு பயல தூக்க மாட்டேங்கிறீங்க? மதியம் எனக்கு ரெண்டு பாடி வருது."

"பய இல்ல," என்றார் அப்பா. "பொண்ணு. எம் பொண்ணு."

அவர் அப்படிச் சொன்ன நேரம் மேடையின் அடிச்செங்கல் ஒன்று நெறிந்து பொடியாக உதிர்ந்தது. மாடக்கண்ணு அதையும் பார்த்தார், பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்து அந்தப் பொடியைக் கூட்டி ஓரமாகத் தள்ளினார்.

பெற்றவர்கள் துரைப்பாண்டிக்கு வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரை இந்தக் கதை சொல்லாது, கேட்டாலும் சொல்லாது, சொல்லாமலே கதை நன்றாகப் புரியும். நான் பொண்ணு இல்லை, எனக்குச் சட்டைதான் வேண்டும் என்று பதினாறு வயதில் சொன்னதற்காக மண்ணெண்ணெய்க் கேனைக் காட்டி விரட்டியவர்கள், பதினைந்து வருஷம் செத்தாயா பிழைத்தாயா என்று கேட்காதவர்கள், செத்தான் என்று தெரிந்ததும் அரக்குச் சிவப்பில் ஒரு சேலையும் இரண்டு முழம் மல்லிகையும் குங்குமமும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். உயிரோடு இருந்தவரை முடியாததைப் பிணத்திடம் சாதித்துவிடலாம் என்ற தைரியம் அவர்களுக்கு. துரைப்பாண்டி என்பது அவன் பைக் பட்டறையில் வேலை கற்றுக்கொண்ட நாட்களில் தானே தேடி வைத்துக்கொண்ட பெயர். "வைக்கிறதுதான் வைக்கிறோம், கெத்தா இருக்கட்டுமேக்கா" என்று பவளக்கொடியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

பவளக்கொடி அன்று மதியம் சென்னையிலிருந்து வந்து இறங்கினாள், கூடவே ஹேமநாதனும் வந்தார். இருவரும் மாநிலப் பால்புதுமையர் உரிமைக் கூட்டமைப்பின் ஆட்கள். ஆண் என்றும் பெண் என்றும் ஊர் போட்டு வைத்திருக்கிற இரண்டு கட்டத்துக்குள் அடங்காதவர்களுக்காகவும், ஆணை நேசிக்கும் ஆணுக்காகவும் பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்காகவும் அரசாங்கத்தின் கதவைத் தட்டுவது அவர்கள் வேலை. சேத்துப்பட்டில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அலுவலகம், பெயர்ப் பலகை வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரரின் நிபந்தனை, அதனால் கீழே சைக்கிள் கடைக்காரர் "மாடியில மனு ஆபீஸ்" என்றுதான் வழி சொல்வார். ஹேமநாதன் மாநில அமைப்பாளர், வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். பவளக்கொடி மனு எழுதுகிறவள்.

நாற்பத்தொன்பது வயதில் மனு எழுதுவதில் அவளை மிஞ்ச இந்த மாநிலத்தில் ஆள் கிடையாது. ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தபோது கற்ற வித்தை அது. அதிகாரி மறுப்பதற்கு ஒரு சின்னக் காரணத்தைக்கூட மனுவில் விட்டு வைக்கக் கூடாது என்பது அவளுடைய கொள்கை, எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைந்து எங்கே குனிய வேண்டுமோ அங்கே குனிந்து காகிதத்தை உள்ளே நுழைத்துவிடுவாள். வீட்டிலும் அவள் அப்படித்தான். பள்ளிக்கூட ஆய்வக உதவியாளரான திலோத்தமையோடு பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் வாழ்கிறாள், ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அக்கா தங்கை, பக்கத்து வீட்டில் அக்கா தங்கை, திலோத்தமைக்கு மஞ்சள் காமாலை வந்து மருத்துவமனையில் கிடந்தபோது மருத்துவரிடமும் அக்கா தங்கை. வேலை நடந்தால் போதும் என்பாள்.

துரைப்பாண்டி எப்படிச் செத்தான் என்பதைச் சொல்லும்போது கோபப்படாமல் சொல்ல வேண்டும் என்று சிலர் அபிப்பிராயப்படுவார்கள். அவர்கள் வேறு கதை கேட்கப் போகலாம். தெற்கே நான்கு மாவட்டங்களுக்குக் கூட்டமைப்பின் உதவி எண்ணில் வரும் அழைப்புகளை எடுப்பவன் அவன்தான், பட்டறையில் பைக்கைப் பிரித்துப் போட்டுவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு "சொல்லு தங்கச்சி, எங்க நிக்கிற?" என்று கேட்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு ஓடி வந்த இரண்டு பெண்பிள்ளைகளைப் பத்திரமாகச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பால் வேன் ஒன்று அவனை அடித்துப் போட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. சட்டையைக் கிழித்தவர்கள் அவன் மார்பை இறுக்கிக் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு இது பெண்கள் வார்டு என்றார்கள், பெண்கள் வார்டில் மீசையைப் பார்த்துவிட்டு இது ஆண்கள் வார்டு என்றார்கள், வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்க அந்த ஸ்ட்ரெச்சர் நீளமான நடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஐந்து தடவை போய் வந்தது, நாற்பது நிமிஷம். மூன்று தடவை அவன் தன் பெயரைச் சொன்னான். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நடையின் நடுவில், குடிதண்ணீர்க் குழாய் பக்கத்தில், எந்த வார்டிலும் சேராமல் செத்தான்.

பிணவறை வாசலில் அமலி உட்கார்ந்திருந்தாள். நூற்பாலையில் வேலை பார்ப்பவள். துரைப்பாண்டியோடு ஆறு வருஷம் குடும்பம் நடத்தியவள். மடியில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் இஸ்திரி போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டை, கறுப்புப் பேண்ட், ஒரு பெல்ட்.

"அக்கா, எனக்கு வேற எதுவும் வேணாம்க்கா," என்றாள். "இந்தச் சட்டைய மாட்டி, அவரு பேரச் சொல்லிப் பொதைக்கணும். அவ்வளவுதான். சேலையோட வந்து நிக்கிறாங்க பாருங்க."

பவளக்கொடி நிலைய மருத்துவ அதிகாரியிடம் போனாள். அவர் ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார். உடலைப் பெற்றுக்கொள்பவரின் உறவுமுறை என்று போட்டு, தந்தை, தாய், கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தோர் என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன.

"இதுல அந்தப் பொண்ணு எந்தக் கட்டம், நீங்களே சொல்லுங்கம்மா."

"மனைவி, சார்."

"இறந்ததும் பொண்ணு, வாங்க வந்ததும் பொண்ணு. எப்படிம்மா மனைவி? நான் டிக் போட்டா எனக்கு மெமோ வரும். ரத்த சொந்தம் வந்து நிக்குது, அவங்க எடுத்துக்கட்டும்."

"எடுக்க முடியலயே சார்."

"அது வேற விஷயம்," என்றார் அதிகாரி. உண்மையிலேயே அதை வேறு விஷயமாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை சுமைதூக்குவோர் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள், அசையவில்லை. வியாழக்கிழமை சங்கிலியும் கப்பியும் வந்தன, கப்பி மாட்டிய உத்தரம்தான் வளைந்தது. வெள்ளிக்கிழமை கூரையில் நான்கு ஓடுகளைப் பிரித்து கிரேன் ஒன்றின் கையை உள்ளே விட்டார்கள், இரும்புக் கயிறு அறுந்து வேப்பமரத்தின் கிளையை முறித்தது, துரைப்பாண்டி கண் மூடியபடி அப்படியே கிடந்தான். அழுகவும் இல்லை. பட்டறை முடிந்து குளித்து வரும்போது அவன்மேல் அடிக்கும், பெட்ரோலும் சிவப்பு சோப்பும் கலந்த சனிக்கிழமை வாசனை மட்டும் அறையில் நின்றது. அடுத்த வாரத்திலிருந்து மருத்துவமனை அதற்குப் பழகிவிட்டது. மற்ற உடல்களை ஒன்றாம் மேடையிலும் இரண்டாம் மேடையிலும் அறுத்தார்கள், மூன்றாம் மேடையைச் சுற்றிக் கழுவினார்கள், பொதுப்பணித்துறை வந்து மேடைக்கு அடியில் கூடுதலாக இரண்டு செங்கல் தூண் கட்டிக் கொடுத்தது, பணி மாறும்போது மாடக்கண்ணு அடுத்த ஆளிடம் "மூணுல நம்ம ஆளு இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் அப்பாவும் அண்ணனும் வந்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்கள். அமலியைத் தொட விடவில்லை. படிவம் இல்லாமல் தொட்டால் வழக்கு என்று வாசலில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருந்தார்கள்.

பத்தாம் நாள் பேச்சித்தாய் வந்தாள். சந்தையில் மீன் விற்பவள், செத்துப்போன கொழுந்தனின் உடலை வாங்க வந்தவள், மூன்றாம் மேடையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கூடையில் இருந்த ஒரு முழம் கதம்பத்தை அந்தக் காலடியில் வைத்து, தன் மகளுக்கு வலிப்பு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அந்த வாரம் வலிப்பு வரவில்லை. அதற்குமேல் கேட்க வேண்டுமா? அந்தப் பக்கத்து வழக்கம் அது. கிணற்றில் தள்ளப்பட்டவள், பிரசவத்தில் கைவிடப்பட்டவள், ஊரே கூடிக் கொன்றவள் என்று சாகக் கூடாத சாவு செத்த பெண்களுக்கெல்லாம் ஒரு பீடம் வைப்பார்கள், வருஷம் ஒரு பொங்கல் வைப்பார்கள், அதோடு கொன்றவர்கள் யார் என்ற பேச்சு முடிந்துவிடும். மன்னிப்புக் கேட்காமல் தப்பிப்பதற்கு மனுஷன் கண்டுபிடித்த வழிகளில் இது பழையது, மணமாகவும் இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கு வந்தது, செவ்வாய்க்கிழமை எலுமிச்சை மாலை வந்தது, அசையாமல் கிடப்பதால் அசையாத்தா என்று பெயரும் வந்தது. அப்பா கொண்டுவந்திருந்த அரக்குச் சிவப்புச் சேலையை ஒரு நல்ல நாள் பார்த்துத் துரைப்பாண்டியின் மேல் சார்த்தினார்கள், மீசையை மழித்தார்கள், நெற்றி நிறையக் குங்குமம் அப்பினார்கள். மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிய அதே கையில் இப்போது அப்பா திருநீற்றுத் தட்டோடு நின்று, "எம் பொண்ணு, எம் வயித்துல பொறந்த தெய்வம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பூசிவிட்டார். சேலை சார்த்திய அன்று புதிய செங்கல் தூண் இரண்டும் வெடித்தன. அதையும் ஆத்தாவின் சக்தி என்றார்கள்.

அமலி வேப்பமரத்தடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மீசையை மழித்த அன்று மட்டும் எழுந்துபோய் பிணவறைச் சுவரில் இரண்டு கையாலும் அடித்தாள், கை வீங்கும் வரை அடித்தாள். "அந்த மீசை மொளைக்க அவரு எத்தன ஊசி போட்டாருன்னு தெரியுமாடா உங்களுக்கு?" என்று கத்தினாள். வரிசையில் நின்ற பெண்கள் அருள் வந்துவிட்டது என்று அவளையும் கும்பிட்டார்கள்.

சென்னையில் பவளக்கொடி மனு எழுதினாள். சுகாதாரத் துறைக்கு எழுதினாள், சமூக நலத் துறைக்கு எழுதினாள், சட்டத் துறைக்கு நகல் போட்டாள், நினைவூட்டல் போட்டாள், நினைவூட்டலுக்கு நினைவூட்டல் போட்டாள்; தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று ஒரே மாதிரி ஏழு கடிதங்கள் வந்தன. ஆண் என்று போட்ட அடையாள அட்டைக்குத் துரைப்பாண்டி விண்ணப்பித்தபோதும் பதினான்கு மாதம் இதே கடிதம்தான் வந்துகொண்டிருந்தது. கடைசியில் கோட்டையிலிருந்து கூப்பிட்டார்கள். சிறப்பு அலுவலர் ஒருவர் காபி வரவழைத்தார்.

"உங்களுக்கு நல்ல செய்தி. நெடுங்கரையில அசையாத்தாவுக்குச் சுற்றுச்சுவர், தகரக் கொட்டகை, குடிதண்ணீர் எல்லாம் அனுமதி ஆகிடுச்சு. உங்க சமூகத்துக்கு எவ்வளவு பெரிய கௌரவம்!"

"படிவம், சார்?" என்றார் ஹேமநாதன்.

"அது கொள்கை முடிவு. எட்டுத் துறை பார்க்கணும். சமுதாயம் இன்னும் அதுக்குத் தயாராகல."

பவளக்கொடி காபியைத் தள்ளி வைத்தாள். இருபது வருஷமாக அதிகாரிகள் முன்னால் அடக்கி வைத்திருந்த குரல் அவளை மீறி வந்தது.

"அவன சாமியாக்குறதுக்கு சமுதாயம் தயாரா இருக்கு, மனுஷனாக்க மட்டும் தயாரா இல்லையா? ஒரே வாரத்துல கொட்டகைக்குக் கையெழுத்து விழுது. ஒரு கட்டம் சார், இத்தனூண்டு கட்டம், நான் கேக்குறது அதுதான். அன்னிக்கு வார்டுல ஆண்னு எழுதிச் சேத்திருந்தா அவன் செத்திருக்க மாட்டான். உங்க கொட்டகையில தீய வைக்க!"

ஹேமநாதன் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். படிக்கட்டில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "கோபப்படாத பவளம். அவன் அங்க அசையாம கிடக்கிற வரைக்கும்தான் இவங்க நம்மள உள்ள கூப்பிட்டுக் காபி குடுப்பாங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். படிவத்தையே மாத்திடலாம்."

அவள் சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக அவள் பிறகு வெட்கப்பட்டாள், இன்றைக்கும் வெட்கப்படுகிறாள், ஆனால் அன்று ஆட்டினாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பவளிடம் அவர்கள் கேட்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் ஓர் ஆணை வந்தது. படிவம் மாறவில்லை, ஆனால் தொல்லை தாங்காமல் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேற்படி உடலை மனுதாரர் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கலாம், இது தனி நேர்வு, இதை எக்காரணம் கொண்டும் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது. ஹேமநாதன் முகத்தில் வருத்தமும் மகிழ்ச்சியும் பாதிப் பாதி. பவளக்கொடியும் ஹேமநாதனும் உட்படக் கூட்டமைப்பு ஆட்கள் ஆறு பேர் வேன் எடுத்துக்கொண்டு நெடுங்கரைக்குப் போனார்கள். அப்பாவின் கூச்சலைத் தாண்டி, வரிசையில் நின்ற கூட்டத்தைத் தாண்டி, ஆணையைக் காட்டி உள்ளே போய், ஆறு பேரும் அமலியும் சுற்றி நின்று துரைப்பாண்டியின் உடம்புக்கு அடியில் கையைக் கொடுத்தார்கள். தங்கள் கைக்கு அவன் வருவான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

தூக்கினார்கள், அசையவில்லை.

மறுபடி தூக்கினார்கள், அசையவில்லை. வாசலில் அப்பா சிரித்தார். ஹேமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அமலி கையை எடுத்துவிட்டு, "அக்கா, அந்தக் காயிதத்தக் குடுங்க," என்றாள்.

பவளக்கொடி கொடுத்தாள். ஆணையோடு அவளுடைய மூல மனுவும் இணைத்துத் தைத்திருந்தது. பொருள் என்ற இடத்தில், முதல் வரியில், அந்தப் பழைய பெயர் இருந்தது. அதன் பிறகு என்கிற என்று ஒரு சொல். அதன் பிறகுதான் துரைப்பாண்டி. பாலினம் என்ற இடத்தில், ஆவணங்களின்படி பெண். அந்த மனுவில் மட்டும் இல்லை, நாற்பத்தொரு நாளில் எழுதிய முப்பத்து நான்கு மனுக்களிலும் அப்படியே இருந்தது.

"இத யாருக்கா எழுதுனது?"

"நான்தான். சட்டப்படி அவனோட ஆதார்ல அந்தப் பேருதான் அமலி. வெறும் துரைப்பாண்டின்னு எழுதினா, அப்படி யாரும் சாகலன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அவங்க மறுக்குறதுக்கு நாம..."



"ஊருல நாலு பேரு கூப்புட்டத அவரு தாங்கிக்கிட்டாரு," என்றாள் அமலி. குரல் உயரவே இல்லை. "அவங்கப்பன் கூப்புட்டதயும் தாங்குனாரு. நீங்களுமாக்கா? உங்க நம்பரத்தானக்கா எல்லாருக்கும் குடுத்தாரு அவரு? ராத்திரி பகல் பாக்காம ஓடுனாரே, உங்களுக்காகத்தான?"

பவளக்கொடி அந்தப் பிணவறையின் ஈரத் தரையில் நின்றாள். தன்மேல் வந்த கோபம் மற்ற எல்லாக் கோபத்தையும் விடப் பெரிதாக இருந்தது. வாடகை ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. காமாலையில் மஞ்சளாகக் கிடந்த திலோத்தமை, நீங்கள் யார் என்று மருத்துவர் கேட்டபோது இவள் முகத்தையே பார்த்ததும், இவள் அக்கா என்றதும், திலோத்தமை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. குனிந்து குனிந்து உள்ளே நுழைத்த காகிதங்கள் எல்லாம் குனிந்தபடியே உள்ளே கிடந்திருக்கின்றன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மாடக்கண்ணு அண்ணே, ரெஜிஸ்டர எடுங்க."

பிணவறைப் பதிவேடு மேசைமேல் வந்தது. நாற்பத்தொரு நாளுக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டி, அந்தப் பழைய பெயரின் மேல் பேனாவை வைத்து, அடியில் இருக்கும் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதபடி அடித்தாள். துரைப்பாண்டி என்று எழுதினாள். ஆண் என்று எழுதினாள். பெற்றுக்கொள்பவர் அமலி, உறவு மனைவி என்று எழுதினாள். நிலைய மருத்துவ அதிகாரி ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? அரசாங்க ரெக்கார்ட திருத்துறீங்க! கிரிமினல் கேஸ் இது, தெரியும்ல? போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க," என்றாள் பவளக்கொடி. "பேனாவுல மை இருக்கு. நீங்க வேற ஏதாவது எழுதணுமா?"

மாடக்கண்ணு ஒரு வாளித் தண்ணீரும் சுத்தமான துண்டும் கொண்டுவந்து வைத்தார். அமலி குங்குமத்தைத் துடைத்தாள். சிவப்புச் சேலையை உருவிக் கீழே போட்டாள். வாசலில் கூட்டம் கொதித்தது. ஆத்தாவைத் துகில் உரிக்கிறார்கள் என்று அண்ணன் கத்த, நான்கைந்து பேர் உள்ளே பாய்ந்தார்கள், அவர்களுக்கு முன்னால் பேச்சித்தாய் இடுப்பில் மீன் கூடையோடு வந்து நின்றாள்.

"ஏ பொண்ணே, என்ன பண்ணுத? எம் மகளக் காப்பாத்துன ஆத்தாடி அது."

"ஆத்தா இல்லக்கா," என்றாள் அமலி, சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. "எங்க வீட்டுக்காரரு. பைக் மெக்கானிக்கு. உங்க மக நல்லாருக்கட்டும். இவர விடுங்க."

பேச்சித்தாய் மேடையையே பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை, கறுப்புப் பேண்ட், பெல்ட்டின் கடைசி ஓட்டையில் மாட்டிய இடுப்பு. நாற்பத்தொரு நாளில் முதல் தடவையாக அது யாரோ ஓர் ஆள் மாதிரி இருந்தது. அவளுக்கும் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல் சிறிது நேரம் தவித்தது, பிறகு திருநீற்றுத் தட்டோடு நின்ற அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது.

"பெத்தவன் நீதான? உனக்குத் தெரியாதாய்யா இது யாருன்னு? எங்களப் பொய்ச் சாமி கும்புட வச்சிட்டியேடா, படுபாவி!"

அமலி ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தாள். "வாங்க, போவோம்," என்றாள். மேடையிலிருந்து துரைப்பாண்டி அவள் கையோடு எழும்பி வந்தான். ஐம்பத்திரண்டு கிலோகூட இல்லை. ஆலையில் நூல் சிப்பம் தூக்கிப் பழகிய அவளுடைய இரண்டு கை போதுமாக இருந்தது. கூட்டம் விலகாமல் நின்றது. பேச்சித்தாய் மீன் கூடையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள்.

"வழி விடுங்கடி. ஆம்பளப் பொணம் போகுது, வழி விடுங்க."

ஓடைக்கரையில் அவனைப் புதைத்தார்கள். பெயரைச் சொல்லி மண் போட்டார்கள், அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிப் போட்டார்கள், ஹேமநாதன் சொல்லும்போது குரல் உடைந்து அழுதார். மண் மூடி முடியும்வரை போலீஸ் ஜீப் ரோட்டிலேயே காத்திருந்தது.

அரசுப் பதிவேட்டைத் திருத்தியது, அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தது, வழிபாட்டு உணர்வைப் புண்படுத்தியது என்று பவளக்கொடி மேல் மூன்று பிரிவு. மறுநாள் மதியம் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். தகவல் தெரிந்து முதல் பஸ்ஸில் கிளம்பிய திலோத்தமை, மாற்றுப் புடவையும் எலுமிச்சைச் சோறும் எடுத்துக்கொண்டு வந்து காவல் நிலையத்து பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிலைய எழுத்தர் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"கைது பண்ணத யாருக்குத் தெரிவிக்கணும்? இவங்களுக்கா? உங்களுக்கு என்ன வேணும் இவங்க?"

திலோத்தமை பழக்கத்தில் வாயைத் திறந்தாள். பவளக்கொடி அவள் கைமேல் கையை வைத்தாள்.

"என் துணை," என்றாள். "பத்தொம்பது வருஷமா. வாழ்க்கைத் துணைன்னு எழுதுங்க."

எழுத்தர் அவளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "அப்படி எழுத இதுல எடமில்லம்மா. தங்கச்சின்னு போட்டுட்டேன். எந்திரிங்க, கோர்ட்டுக்கு நேரமாச்சு."

"அத அடிச்சிட்டு எழுதுங்க."

"எந்திரிங்கம்மா."

பவளக்கொடி எழுந்திருக்கவில்லை. இரண்டு பெண் காவலர்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள், அசையவில்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள், அசையவில்லை. ஆய்வாளர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து கை கொடுத்தார், பெஞ்சின் கால் பட்ட இடத்தில் தரை ஓடு விரிந்தது, அப்போதும் அசையவில்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு காவலர் சுமைதூக்குவோர் சங்கத்துத் தொலைபேசி எண் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். எழுத்தர் மேசையில் பேனா மூடி கழற்றியபடி கிடந்தது, அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

திலோத்தமை தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, எலுமிச்சைச் சோற்றை மூடியில் பாதி வைத்து அவளிடம் கொடுத்தாள்.

"நிதானமா எழுதுங்க சார்," என்றாள் பவளக்கொடி. "நாங்க எங்கயும் போகல."

துரைப்பாண்டியைத் தூக்கியது இப்படித்தான். பவளக்கொடியைத் தூக்க அவர்கள் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.